கடைமடைச் செடி காய்கிறதா? வறண்ட மண்ணில் சொட்டு நீர்க் கோளாறுகளும் தீர்க்கும் வழியும்

பர்மாவின் வறண்ட நடுப்பகுதியில், மாண்டலே, மெய்த்திலா, மக்வே, சகாய்ங் பக்கம் வீட்டுத் தோட்டம் போட்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மி.மீ. மழை. எங்கள் மாண்டலேயில் 850 மி.மீ. பெய்தால் நல்ல வருடம். அதுவும் மே நடுவில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடும், ஜூலையில் இடையே ஒரு காய்ச்சலும் காயும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வானத்தை நம்பி ஒரு புதினாத் தொட்டிகூட வைக்க முடியாது. 2024 ஏப்ரல் 28 அன்று சௌக் ஊரில் 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த வாரத்தில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையும் புளிச்சக்கீரையும் பிழைத்ததற்குச் சொட்டு நீர் ஒன்றுதான் காரணம்.

ஆனால் சொட்டு நீர் போட்டவர்களில் பாதிப் பேர் ஒரே கோடையில் அதைச் சுருட்டி மூலையில் போட்டுவிடுகிறார்கள். "அடைச்சுக்குதுங்க, சரிப்பட்டு வரல" என்பார்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் டிரிப்பர்மேல், அதாவது தண்ணீரைச் சொட்டாக விடும் சின்ன மூக்கின்மேல், குற்றம் இருந்ததில்லை. செடி வாடினால் செடிக்குப் பக்கத்திலேயே கோளாறைத் தேடுகிறோம். கோளாறோ பத்து மீட்டர் தள்ளி, டேங்க் அடியில் உட்கார்ந்திருக்கும்.

என் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் கணக்குகள் அதை ஒட்டியவை. 500 லிட்டர் டேங்க். முன்பு செங்கல் தூண்மேல் 3 மீட்டர் உயரத்தில் இருந்தது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் தூண் வெடித்தது, டேங்க் சாய்ந்து நின்றது. கீழே யாரும் இல்லாதது எங்கள் பாக்கியம். அதற்குப் பிறகு அத்தனை உயரத்தில் அரை டன் தண்ணீரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது தரையோடு அகலமாகக் கட்டிய மேடை, டேங்கின் அடி தரையிலிருந்து 1.5 மீட்டர். அங்கிருந்து ஒரு இஞ்ச் பைப், ஃபில்டர், அப்புறம் 16 எம்எம் கறுப்புப் பைப் நாலு வரிசை. மோட்டாரை நேராகச் சொட்டு நீரோடு இணைக்கவில்லை. கரண்ட் எப்போது வருமென்று நமக்குத் தெரியாது. அது வரும்போது டேங்க் நிறையும், செடிக்குத் தண்ணீர் நாம் நினைக்கும்போது போகும்.

முதலில் ஒரு பாட்டில்

எந்தக் கோளாறாக இருந்தாலும் எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிவிட்டு, உள்ளே 100, 200, 300 மில்லி என்று மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். டிரிப்பருக்குக் கீழே சின்னக் குழி பறித்து, பாட்டிலை அதில் நிறுத்தி, சரியாக 15 நிமிடம் பிடியுங்கள். பிடித்ததை நாலால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று வந்துவிடும். வரிசையின் முதல் டிரிப்பர், நடு டிரிப்பர், கடைசி டிரிப்பர் என்று மூன்று இடத்தில் அளந்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். நல்ல நாளில் எடுத்த அளவு கையில் இருந்தால், கெட்ட நாளில் அதுதான் வழிகாட்டும்.

அளவைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு தெரிய வேண்டும். டிரிப்பரில் "மணிக்கு 4 லிட்டர்" என்று போட்டிருப்பது 1 பார் அழுத்தத்துக்கு, அதாவது 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கு. உயரம் குறைந்தால் ஓட்டம் அதே அளவில் குறையாது, வர்க்கமூலக் கணக்கில் குறையும். 3 மீட்டர் உயரத்தில் அந்த 4 லிட்டர் டிரிப்பர் ஏறக்குறைய 2.2 லிட்டர் தரும். 1.5 மீட்டரில் ஏறக்குறைய 1.5 லிட்டர். டேங்க் நிறைந்திருக்கும்போது ஓட்டம் கூடுதலாகவும், அடிக்கு வரும்போது குறைவாகவும் இருக்கும். ஒரு மீட்டர் உயர டேங்க் என்றால் இந்த வித்தியாசமே கால்பங்கு வரும். ஆகவே எப்போதும் டேங்க் ஒரே மட்டத்தில் இருக்கும்போது அளந்து பாருங்கள்.

முதல் செடிகளுக்குத் தண்ணீர் வருகிறது, கடைசிச் செடிகளுக்கு வரவில்லை

நம் ஊர் வாய்க்கால் பாசனத்தில் கடைமடைக்காரர் படும் பாடுதான் இது. என் மாமா ஒருவர் போன பங்குனியில் போன் செய்தார்.

"தம்பி, கடைசி நாலு கத்திரியும் தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. டிரிப்பர் எல்லாத்தையும் புதுசா மாத்திட்டேன். அப்பவும் சொட்டல."

"எண்ட் கேப்பைக் கழட்டிப் பாத்தீங்களா மாமா?"

"அதை எதுக்குக் கழட்டணும்?"

நேரில் போனேன். எண்ட் கேப் என்பது வரிசைக் கடைசியில் பைப் நுனியை அடைக்கும் மூடி. மாமா அதற்குப் பதிலாகப் பைப்பை மடித்து வளையம் போட்டிருந்தார். வளையத்தை எடுத்து மடிப்பை நிமிர்த்தியதும், வற்றிய குழம்பு மாதிரி செம்பழுப்பாக ஒரு கை அளவு சகதி வந்து விழுந்தது. பின்னாலேயே அழுகின முட்டை வாடை. அரை நிமிடம் கழித்துத்தான் தண்ணீர் தெளிந்தது. பைப்பில் ஓடும் தண்ணீர் கடைசிக்கு வரவர வேகம் குறையும். வேகம் குறைந்த இடத்தில் மண் படியும். அதனால் மண் அடைப்பு பெரும்பாலும் கடைமடையில்தான் தொடங்கும். புது டிரிப்பர் மாட்டினால் அந்தச் சகதி அதற்குள்ளும் போய் அமரும், வேறொன்றும் நடக்காது.

மாமா வீட்டில் சகதியை வெளியேற்றிய பிறகும் கடைசி டிரிப்பரில் 15 நிமிடத்துக்கு 150 மில்லிதான் வந்தது. முதல் டிரிப்பரில் 380. ஆக வேறு காரணமும் இருந்தது. இந்த நிலையில் நான் பார்க்கும் ஒழுங்கு இது:

ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அது இல்லாமல் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். கடைசி டிரிப்பரில் ஓட்டம் சட்டென்று கூடினால் குற்றவாளி ஃபில்டர். மோட்டார் அழுத்தத்தில் அழுக்கு ஃபில்டர் பெரிதாகத் தெரியாது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஓடும் நம் அமைப்பிலோ, அழுக்கான ஃபில்டர் ஒரு மீட்டர் உயரத்தை அப்படியே விழுங்கிவிடும், மிச்சம் அரை மீட்டர்தான். முக்கால் இஞ்ச் ஃபில்டர் போதும் என்று கடையில் சொல்வார்கள். நான் ஒரு இஞ்ச் ஃபில்டர், 120 மெஷ் (இஞ்சுக்கு 120 கண் உள்ள வலை) போட்டிருக்கிறேன். அளவு பெரிதானால் வலையின் பரப்பும் பெரிது, அடைய நாள் பிடிக்கும்.

அடுத்து டேங்கின் வாய். மாமா வீட்டில் ஒரு இஞ்ச் பைப்புக்கு முன்னால் பழைய அரை இஞ்ச் குழாய் ஒன்று இருந்தது. பாத்திரம் கழுவப் பிடித்த குழாயை அப்படியே விட்டுவிட்டு, அதில் பைப்பைச் செருகியிருந்தார். அங்கேதான் தொண்டை நெரிந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு இஞ்ச் பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறக்கும் வால்வு) போட்டதும் கடைசி டிரிப்பர் 310 மில்லிக்கு வந்தது.

பிறகு தரை மட்டம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையில் 30 செ.மீ. ஏற்ற இறக்கம் சாதாரணமாக இருக்கும். 1.5 மீட்டர் உயர அமைப்பில் 30 செ.மீ. என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு நீளமான தெளிவான டியூபில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பது போலப் பாருங்கள். தோட்டத்தின் உயர்ந்த பக்கம் டேங்க், பைப் அங்கிருந்து சரிந்து போக வேண்டும். உயர்ந்த இடத்தில் இருக்கும் செடிகளுக்குத் தனி வரிசை, தனி வால்வு.

கடைசியாக நீளம். இந்த உயரத்துக்கு 16 எம்எம் பைப் ஒரு வரிசை 15 மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். நீளமான தோட்டமென்றால் டேங்க் பைப்பை நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பிரித்து விடுங்கள். ஒரே பைப் இரண்டு குட்டை வரிசையாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை, இது நான் பட்டது. கடையில் "எந்த அழுத்தத்திலும் ஒரே அளவு சொட்டும்" என்று ஒரு டிரிப்பர் தருவார்கள். உள்ளே மெல்லிய ரப்பர் தட்டு இருக்கும். மோட்டார் அழுத்தத்துக்கு அது அருமையான பொருள். ஆனால் அந்தத் தட்டு ஒழுங்காக வேலை செய்ய, பெரும்பாலும் 5 மீட்டர் உயரத்துக்குக் குறையாத அழுத்தம் வேண்டும். என் தாழ்ந்த டேங்கில் சிலது பீய்ச்சியது, சிலது சொட்டவே இல்லை. இரண்டு எலுமிச்சைக் கன்றுகள் போன பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. தாழ்ந்த டேங்குக்குச் சாதாரண டிரிப்பர் அல்லது மெல்லிய மைக்ரோ டியூப் போதும். இந்நாட்டிலேயே யேதகோன் என்ற பெயரில் சிறு விவசாயிகளுக்காக வந்த சொட்டு நீர்ப் பெட்டிகளும் தாழ்ந்த உயரத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவைதான்.

டேங்க் நிறைய இருக்கிறது, எங்குமே சொட்டவில்லை

இது பயமுறுத்தும், ஆனால் சரிசெய்வது சுலபம். டேங்க் மூடி காற்றுப் புகாமல் இறுக மூடியிருக்கிறதா பாருங்கள். காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் வெளியே வராது. மூடியில் விரல் அளவு துளை போட்டு, கொசுவலைத் துணி கட்டுங்கள். வலை இல்லாமல் துளை போட்டால் டெங்கு கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது போலாகும்.

மூடி சரி என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. வாசற்படியைத் தாண்ட, சுவரைத் தாண்ட என்று பைப்பை எங்காவது மேலே தூக்கி இறக்கியிருப்பீர்கள். அந்த மேட்டில் காற்றுக் குமிழ் நின்றுவிடும், தாழ்ந்த அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. எண்ட் கேப்பைத் திறந்து தண்ணீரை வேகமாக ஓட விட்டால் போய்விடும். நிரந்தரத் தீர்வு, பைப்பைப் படிக்கு அடியில் கொண்டுபோவது. முடியாவிட்டால் அந்த மேட்டில் 'T' வடிவ இணைப்பு ஒன்று வைத்து, டேங்கின் நீர்மட்டத்தைவிட உயரமாக ஒரு சின்ன டியூபை நிமிர்த்தி நிறுத்துங்கள்.

டிரிப்பர்கள் ஒவ்வொன்றாக அடைக்கின்றன

அடைப்பை ஊசியால் குத்தாதீர்கள். துளை அகன்றுவிடும், பிறகு அந்த ஒரு செடி மட்டும் எல்லாத் தண்ணீரையும் குடிக்கும். கழற்றித் திறக்கும் வகை என்றால் திறந்து, உள்ளே இருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். நிறம்தான் நோயைச் சொல்லும்.

வெள்ளையாக, நறநறவென்று இருந்தால் சுண்ணாம்பு. இந்தப் பக்கத்துக் கிணற்று நீரில் தேநீர் போடுபவர்களுக்குக் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும், அதே பொருக்குதான். பர்மியர்கள் ஆழ்குழாய்க் கிணற்றை அவீசித் துளை என்கிறார்கள். அவீசி அவர்கள் நம்பிக்கையில் ஆக அடியில் இருக்கும் நரகம். அத்தனை ஆழத்திலிருந்து பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், வெயிலில் சூடான டிரிப்பர் வாயில் உலரும்போது சுமந்து வந்ததை அங்கேயே விட்டுவிடுகிறது. டிரிப்பர்களைக் கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு இரவு ஊறப் போடுங்கள். காலையில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் கரைந்து வரும். கைவசம் பத்து டிரிப்பர் கூடுதலாக வைத்துக்கொண்டால் ஊறுவதை ஊறவிட்டு மற்றதை மாட்டிவிடலாம். நான் மாதம் ஒரு வரிசை என்று சுற்றில் செய்கிறேன். பகலைவிட இரவில் பாய்ச்சுவதும், பைப்மேல் தழை போட்டு மூடுவதும் பொருக்கு விழுவதைக் குறைக்கும்.

செம்பழுப்பாக, வழவழவென்று சளி மாதிரி இருந்தால் இரும்பு. கிணற்றிலிருந்து வரும்போது தண்ணீர் பளிங்கு போல இருக்கும். ஒரு வாளியில் பிடித்து இரவு முழுக்க வைத்தால் காலையில் துருநிறம் அடியில் நிற்கும். இந்த வாளிச் சோதனையைச் சொட்டு நீர் வாங்கும் முன்பே செய்துவிட வேண்டும். கரைந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிறது, அதைத் தின்று வளரும் பாக்டீரியா சளியைப் பரப்புகிறது. ஆகவே அந்த வேலை பைப்புக்குள் நடக்காமல் டேங்கிலேயே நடந்து முடிய வேண்டும். டேங்குக்குள் தண்ணீர் மேலிருந்து பூவாளி வழியே சிதறி விழும்படி செய்யுங்கள், காற்று நன்றாகக் கலக்கும். ஒரு இரவு தெளிய விடுங்கள். தோட்டத்துக்குப் போகும் குழாயை டேங்கின் அடியில் வைக்காமல், அடியிலிருந்து 15 செ.மீ. மேலே வையுங்கள். அடியில் தனியாக ஒரு கழிவுக் குழாய் வைத்து, வாரம் ஒருமுறை திறந்து துருவை வெளியேற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு என் ஃபில்டரை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவியது போய், பத்து நாளுக்கு ஒருமுறை ஆனது.

ஏற்கெனவே சளி பிடித்துவிட்டதென்றால் குளோரின். 5 சதவீத திரவ பிளீச் என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி கலந்தால் போதும். பைப் முழுக்க அந்தத் தண்ணீர் நிறையும் வரை ஓடவிட்டு, வால்வை மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் எண்ட் கேப்பைத் திறந்து கழுவித் தள்ளுங்கள். கழுவும் தண்ணீரைப் பாதைப் பக்கம் விடுங்கள், செடி மூட்டில் வேண்டாம். பிளீச்சும் வினிகரும், வேறெந்த அமிலமும், ஒரே நாளில் ஒரே பைப்பில் சேரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சைப் பிடித்துவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

பச்சையாக இருந்தால் பாசி. வெளிச்சம் உள்ளே போகிறது என்று அர்த்தம். வெள்ளை டேங்க் என்றால் கறுப்புப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், மேல் வெள்ளை சூட்டைக் குறைக்கும். இணைப்புக்குத் தெளிவான டியூப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மண் இருந்தால் ஃபில்டர் வலை கிழிந்திருக்கும், அல்லது நிறுத்தும்போது டிரிப்பர் தரைச் சேற்றை உறிஞ்சியிருக்கும். வால்வை மூடியதும் சரிவில் இருக்கும் தண்ணீர் கீழே வடிய, மேலே இருக்கும் டிரிப்பர்கள் வெற்றிடத்தால் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். அதனால் டிரிப்பர் வாய் மண்ணில் புதையாமல், தரையிலிருந்து விரல் உயரம் தூக்கி நிற்க வேண்டும். எறும்பு அடைக்கிறதென்றாலும் இதுவே மருந்து.

சொட்டுகிறது, அளவும் சரி, ஆனாலும் செடி வாடுகிறது

பைப்பை விட்டுவிட்டு மண்ணைத் தோண்ட வேண்டிய இடம் இது. தண்ணீர் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து, டிரிப்பருக்குப் பக்கத்தில் ஒரு முழ ஆழம் தோண்டுங்கள். மேலே தெரியும் ஈர வட்டம் உண்மையான ஈரத்தைச் சொல்லாது, ஈரம் மண்ணுக்குள் எந்த வடிவத்தில் போயிருக்கிறது என்பதே முக்கியம்.

ஐராவதிக் கரைப் பக்கத்து மணல் மண்ணில் ஈரம் முள்ளங்கி மாதிரி ஒல்லியாக நேரே கீழே இறங்கிவிடும். வேர் பக்கவாட்டில் காய்ந்து கிடக்கும். அங்கே 30 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், ஒரே தடவையில் இரண்டு மணி நேரம் விடாமல் காலையும் மாலையும் பிரித்துக் கொடுங்கள். கரிசலில் ஈரம் தட்டையாகப் பரவும், 45 செ.மீ. இடைவெளி தாங்கும். ஆனால் கரிசல் ஒருமுறை காய்ந்து வெடித்துவிட்டால், தண்ணீர் வெடிப்புக்குள் புகுந்து நம் கைக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். பாட்டில் கணக்கு சரியாக இருக்கும், செடி மட்டும் சாகும். வெடிப்பை மண்வெட்டியால் கொத்தி மூடி, மேலே நாலு விரல் கனத்துக்கு வேர்க்கடலைத் தோல் பரப்புங்கள். இந்தப் பக்கம் கடலையும் எள்ளும் விளையும் மண், தோலுக்குப் பஞ்சமே இல்லை. மண் திரும்ப வெடிக்க விடவே கூடாது.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. ஏப்ரல் வெயிலில் நன்றாகத் தழைத்த பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்குச் சுமார் 6 முதல் 7 லிட்டர் குடிக்கும். கத்திரியை 60க்கு 45 செ.மீ. நட்டிருந்தால் ஒரு செடிக்கு 2 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் டிரிப்பர் மணிக்கு 1.5 லிட்டர் தருகிறது, ஆக ஒன்றேகால் மணி நேரம். டிசம்பரில் இதில் பாதி போதும். பலர் டிசம்பரில் வைத்த நேரத்தையே ஏப்ரலிலும் வைத்திருப்பார்கள்.

மதியம் மட்டும் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துகொண்டால் கவலைப்பட வேண்டாம். அது வெயில். விடியற்காலையிலும் வாடியிருந்தால்தான் தண்ணீர்க் குறை.

இலை மஞ்சள், மூட்டில் எப்போதும் ஈரம்

பப்பாளி, எலுமிச்சை இரண்டுக்கும் தண்டை ஒட்டி டிரிப்பர் வைக்காதீர்கள். மூட்டு அழுகும், எலுமிச்சையில் பிசின் வடியும். கன்றாக இருக்கும்போது ஒரு சாண் தள்ளி ஒன்று. மரமானதும் கிளை விரிவின் பாதித் தூரத்தில் வட்டமாக நாலு. செடி வளர்ந்தும் டிரிப்பர் அதே இடத்தில் நிற்பது நான் அடிக்கடி பார்க்கும் தப்பு.

மண்மேல் வெள்ளைப் பொருக்கு, இலை நுனி கருகல்

இது உப்பு. டிரிப்பர் நனைக்கும் வட்டத்தின் விளிம்புக்கு உப்பைத் தள்ளிக்கொண்டே போகும். வட்டத்துக்குள் வேர் பத்திரமாக இருக்கும், விளிம்பில் வெள்ளை வளையம் தெரியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவர்களுக்கு வட்டம் சுருங்கி, வளையம் வேரை நெருங்கும். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஓடவிட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுத்து வெளியே கொட்டுங்கள், கொத்தி உள்ளே புதைக்காதீர்கள்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. மே மாதம் முதல் தூறல் விழுந்ததும் எல்லோரும் சந்தோஷமாக வால்வை மூடிவிடுகிறோம். அந்தச் சிறு மழை விளிம்பில் இருந்த உப்பையெல்லாம் கரைத்து வேருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். மழை பெய்த இரண்டாம் நாள் செடி கருகுவதைப் பார்த்து, வெயிலும் மழையும் மாறி மாறி அடித்ததால் என்று நினைத்திருக்கிறேன். முதல் மழைகள் தூறலாக இருக்கும் வரை, மழை பெய்யும்போதே சொட்டு நீரையும் ஓட விடுங்கள். உப்பு உள்ளே வராமல் கீழ்நோக்கிப் போகும். ஒரு நல்ல கனமழை மண்ணைக் கழுவிய பிறகு நிறுத்தலாம்.

பைப் இடம் மாறுகிறது, இணைப்பு கழல்கிறது, கடித்த தடம் தெரிகிறது

கறுப்புப் பைப் வெயிலில் நீளும். 20 மீட்டர் பைப் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் 10 செ.மீ.க்கு மேல் நீண்டு சுருங்கும். இழுத்துக் கட்டினால் குளிர்ந்த இரவில் இணைப்பைப் பிடுங்கும். பாம்பு போல லேசாக நெளித்துப் போட்டு, மீட்டருக்கு ஒரு கம்பிக் கொக்கியால் தளர்வாக அழுத்துங்கள். இணைப்பு செருகும்போது பைப் நுனியை வெந்நீரில் அரை நிமிடம் வைத்தால் இளகி முழுதாக ஏறும். எண்ணெய் தடவி ஏற்றினால் பிறகு வழுக்கி வந்துவிடும்.

அணிலும் எலியும் கடிப்பது பெரும்பாலும் தாகத்தால். பைப்புக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் அவற்றுக்குக் கேட்கிறது. இங்கே பர்மியர் வீட்டு வாசலில், வழிப்போக்கருக்காகக் குடிநீர்ப் பானைகளை மேடை கட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான். அதையே நான் தோட்டத்தில் செய்தேன். ஒவ்வொரு வரிசையின் கடைசி டிரிப்பருக்கும் கீழே அகலமான மண் சட்டி ஒன்று வைத்தேன். போன கோடையில் பதினொரு இடத்தில் பைப் ஒட்டியவன், இந்தக் கோடையில் இரண்டே இடத்தில்தான் ஒட்டினேன். சட்டித் தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள், கொசு வராது. அந்தச் சட்டி நிறையவில்லை என்றால் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதும் நடந்துபோகும்போதே கண்ணில் பட்டுவிடும்.

திஞ்ஜானுக்கு ஊருக்குப் போய்வந்த பிறகு

திஞ்ஜான் என்ற பர்மியத் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் பிறப்பும் ஒரே வாரத்தில் வருவதால், வருடத்திலேயே கொடிய வெயிலில் நாலைந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். போகும் முன் ஃபில்டரைக் கழுவி, எண்ட் கேப் திறந்து ஓடவிட்டு, பாட்டில் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டில் சொல்லும்போது "தண்ணி பாய்ச்சுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்த வால்வு, எத்தனை மணிக்குத் திறந்து எப்போது மூடுவது என்று எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் நேராக வால்வைத் திறக்க வேண்டாம். வெயிலில் கிடந்த பைப்புக்குள் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், படிந்ததெல்லாம் கலங்கி நிற்கும். முதலில் நாலு வரிசையின் எண்ட் கேப்பையும் கழற்றுங்கள். பிறகு வால்வு. சூடும் கலங்கலும் போய், காலில் பட்டால் குளிரும் தண்ணீர் வந்த பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வாருங்கள், டேங்குக்குப் பக்கத்து வரிசையிலிருந்து தொடங்கி.